மல்லிக்கட்டும் மண்ணில்லாத் தோட்டமும்
நீரில் வளர்க்க எந்தச் செடி ஏற்றது? சரக்குக் கொள்முதல் செய்யும் கண்ணோடு ஒரு பார்வை



ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் நம் கடைகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். தக்காளியும் கத்தரிக்காயும் நிறுத்து, கணக்குப் போட்டு, காசும் வாங்கிய பிறகு, வாடிக்கையாளர் அம்மா பையை மூட மாட்டார். "அண்ணாச்சி, ரெண்டு கொத்து கறிவேப்பிலை, கொஞ்சம் மல்லி போடுங்க" என்பார். அன்று காலை மண்டியில் மல்லிக்கட்டு என்ன விலைக்கு ஏலம் போனது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்பதை நிறுத்த மாட்டார். கொசுறு கேட்பதை நம் ஊரில் உரிமையாகவே வைத்திருக்கிறார்கள். கொடுக்காவிட்டால் அடுத்த நாள் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்.

மல்லியும் புதினாவும் நம் பேரேட்டில் தனித் தலைப்பில் ஏறுவதில்லை. சில்லறைச் செலவோடு சில்லறையாகப் போய்விடும். ஆனால் கடையில் இருக்கும் சரக்குகளில் இவ்வளவு வேகமாகக் கெடுவது வேறு எதுவும் இல்லை. காலையில் வந்த கட்டு மாலையில் தலை சாயும். மறுநாள் மஞ்சளாகும். மூன்றாம் நாள் குப்பைக் கூடைக்குப் போகும். பருப்பில் வண்டு விழுந்தால் புடைத்து எடுக்கலாம். வாடிய மல்லியை எதுவும் செய்ய முடியாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. சாலைகள் அறுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலே நடுவழியில் நின்றது. அந்த நாட்களில் அரிசியும் பருப்பும் கையிருப்பில் இருந்த வீடுகளில்கூடப் பச்சை என்று சொல்ல ஓர் இலை கிடையாது. கெடாத சரக்கை மூட்டையாக வாங்கி இருப்பு வைக்கலாம். கீரையை அப்படி வைக்க முடியாது. அதை உயிரோடுதான் வைத்திருக்க வேண்டும்.

மாடியிலோ முற்றத்திலோ, மண் இல்லாமல், தண்ணீரிலேயே கீரையை உயிரோடு வைத்திருக்கும் முறைதான் ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படும் மண்ணில்லாச் சாகுபடி. இன்று இதற்கான சாதனங்கள் எல்லா ஊரிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. வாங்கலாமா, வாங்கினால் எதை வளர்ப்பது என்று நம் உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் செடியைத் தேர்ந்தெடுங்கள்.

நான் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் குழாய்களும் மோட்டாரும் கொண்ட ஒரு சாதனத்தை வாங்கினேன். கடை வாடகை ஒரு மாதத்துக்கு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு விலை. விதையும் அவர்களே கொடுத்தார்கள். லெட்டூஸ் என்ற சாலட் கீரை, இத்தாலியத் துளசி, ஸ்ட்ராபெரி. படத்தில் எல்லாம் கண்ணைப் பறித்தன.

பங்குனியில் வைத்தேன். சித்திரை வந்தது. மொட்டை மாடியில் குழாய்த் தண்ணீர் காப்பி போல் சுட்டது. வேர்கள் பழுப்பாகிக் கொழகொழத்தன. மிஞ்சிய லெட்டூஸ் இலை விரிக்காமல் நெட்டையாக ஓடிப் பூத்தது. வாயில் வைத்தால் கசப்பு. ஒரு நாள் மத்தியானம் மின்சாரம் மூன்று மணி நேரம் நின்றது. கடையடைத்து வந்து பார்த்தபோது அத்தனையும் தொங்கிப் போயிருந்தன.

வீட்டில் ஒரே கேள்விதான் கேட்டாள். "நம்ம வீட்ல இதை யாரு திங்கப் போறா? ரெண்டு கீரை விதை போட்டிருந்தாலும் கூட்டுக்கு ஆகியிருக்கும்லா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவன், விலை போகுமா, எத்தனை நாள் தாங்கும் என்று பாராமல் ஒரு சரக்கை எடுத்திருப்பேனா? செடி விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தியைக் கல்லாவிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

தராசு சொன்ன உண்மை

மண் இல்லாமல் செடி எப்படி வளரும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு தராசுக் கணக்கு. இன்றைய பெல்ஜியம் நாட்டில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர், 200 பவுண்டு காய்ந்த மண்ணை நிறுத்துத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். பிறகு மரத்தை நிறுத்தார். 169 பவுண்டு. மண்ணைக் காயவைத்து நிறுத்தார். குறைந்தது சுமார் 2 அவுன்சு, அதாவது 60 கிராமுக்கும் குறைவு.

மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இலை எடுத்துக்கொள்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த இரண்டு அவுன்சில்தான் நம் கதை இருக்கிறது. மண்ணிலிருந்து செடி எடுப்பது அந்தச் சிறிதளவு உப்புகளைத்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம், மிகச் சிறிதளவில் இரும்பு, துத்தநாகம், போரான் முதலியவை. இவற்றைச் சரியான அளவில் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டால் மண் செய்யும் வேலை முடிந்தது.

இதை ஒரு சாகுபடி முறையாக 1930-களில் அமெரிக்காவில் வளர்த்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரிக். 1938-இல் பசிபிக் கடலில் வேக் தீவில் இதற்கு நல்ல உபயோகம் கிடைத்தது. பான் அமெரிக்கன் விமானங்கள் எண்ணெய் நிரப்ப இறங்கும் பவளத் தீவு அது. பயிர் செய்ய மண் இல்லை. காய்கறியை விமானத்தில் கொண்டுபோனால் வண்டிச் சத்தமே சரக்கின் விலையைத் தாண்டிவிடும். அதனால் அங்கே தொட்டியில் வளர்ப்பது கட்டுபடியானது. இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. 1946-இல் வங்காளத்தின் காளிம்போங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் சோதனை தொடங்கினார். விலையுயர்ந்த கருவிகளை நம்பாமல், மணலும் சரளையும் நிரப்பிய சாதாரணத் தொட்டி, அளந்து போடும் உர உப்பு, கையால் ஊற்றும் தண்ணீர் என்று எளிய வீட்டுக்கும் ஏற்ற ஒரு முறையை வகுத்தார். 1951-இல் அவர் எழுதிய நூல் அதை 'வங்காள முறை' என்றே பெயரிட்டு உலகுக்குச் சொன்னது. வாளியும் மணலும் உள்ள எந்த வீட்டிலும் இது நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

கொள்முதல் செய்யும் முன் ஐந்து கேள்விகள்

எந்தச் செடியானாலும் கீழ்க்கண்ட ஐந்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

1. நம் வீட்டு அடுப்பில் இதற்கு வேலை உண்டா?
2. எத்தனை நாளில் கைக்கு வரும்? முதல் எவ்வளவு வேகமாகத் திரும்பும்?
3. கடையில் வாங்கினால் எவ்வளவு சீக்கிரம் கெடும்? சீக்கிரம் கெடுவதைத்தான் வீட்டில் வளர்க்க வேண்டும்.
4. ஒருமுறை வெட்டினால் மீண்டும் துளிர்க்குமா?
5. நம் ஊர் வெயிலையும், எந்நேரமும் வேர் நனைந்திருப்பதையும் தாங்குமா?

லெட்டூஸை இந்த ஐந்தில் நிறுத்துப் பாருங்கள். முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். ஐந்தாவதிலும் விழும்.

முதல் தரச் சரக்கு

புதினா: ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லும் செடி இது. விதை வேண்டாம். கடைக்கு வரும் கட்டிலேயே தடித்த தண்டுகளாகப் பத்துப் பொறுக்குங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் நிழலில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கணுக்களில் வெள்ளை வேர் விடும். பிறகு உப்புக் கரைசலுக்கு மாற்றலாம். ஒன்றரை மாதம் வாக்கில் முதல் வெட்டு. அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் ஏறக்குறைய மாதம் ஒருமுறை திரும்ப வரும். வேர் பரவி அடுத்த செடியை நெருக்கும் குணம் உண்டு. தனி வாளி கொடுங்கள்.

வெந்தயக்கீரை: விதை நம் கடை மூட்டையிலேயே இருக்கிறது. இரவு ஊறவைத்தால் இரண்டு மூன்று நாளில் முளைக்கும். 20 முதல் 25 நாளில் பறிக்கலாம். முதல்முறை செய்கிறவர்கள் இதில் தொடங்கினால் மனம் தளராது.

மல்லித்தழை: இதுவும் நம் மூட்டைச் சரக்குதான். ஆனால் வறுத்த மல்லியும் மிகப் பழைய மல்லியும் முளைக்காது. இருபது விதையை ஈரத்துணியில் கட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் முளைத்தால் விதைக்கு ஆகும். மல்லிக்காய் ஒவ்வொன்றிலும் இரண்டு விதை ஒட்டியிருக்கும். சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்கள். முளைக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பறிக்க 40 நாள். பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும் செடி. ஆகவே வளரும் கிண்ணத்திலேயே நேராக விதைக்க வேண்டும். கோடையில் சீக்கிரம் பூத்துவிடும் என்பதால் பங்குனி முதல் ஆனி வரை நிழல் வலை அவசியம்.

முளைக்கீரை, தண்டங்கீரை: வெயிலுக்கு அஞ்சாதவை. நல்ல வெயில் இருந்தால் 25 நாளில் பிடுங்கலாம். சித்திரை வெயிலில் மல்லி படுத்துவிட்டாலும் இவை நிற்கும்.

பொன்னாங்கண்ணி, வல்லாரை, வள்ளைக்கீரை: கன்னடியன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் ஓரங்களிலும் குளத்து மடைகளிலும் தாமாக வளர்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீரில் கால் வைத்தே பிறந்த கீரைகள் இவை. வேர் அழுகும் என்ற பயம் மற்றச் செடிகளைவிடக் குறைவு. வள்ளைக்கீரையை இலங்கைத் தமிழர்கள் 'கங்குன்' என்று சொல்லி விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அங்கே அது அன்றாடக் கடைச் சரக்கு. தண்டை ஒடித்துத் தண்ணீரில் வைத்தாலே சில நாளில் வேர் விடும். ஆனால் சாக்கடை கலக்கும் கால்வாயில் வளர்ந்த கீரை, அந்தத் தண்ணீரில் உள்ள கேட்டையும் சேர்த்தே உறிஞ்சியிருக்கும். தண்டை மட்டும் கொண்டுவந்து நன்றாகக் கழுவி வையுங்கள். வீட்டில் புதிதாக விட்ட தளிரை மட்டும் பறித்து, வேகவைத்தே சாப்பிடுங்கள்.

கொடிப்பசலை: நம் வெப்பத்துக்கு ஏற்ற கொடி. ஒரு கயிறு கட்டிவிட்டால் போதும். தண்டு வைத்தாலே வளரும்.

வெங்காயத்தாள், பூண்டுத்தாள்: மழைக்காலத்தில் மூட்டையில் முளைவிட்ட வெங்காயத்தையும் பூண்டையும் கழிவென்று ஒதுக்குகிறோம். அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஒரு கிண்ணத்தில் நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் பச்சைத் தாள் வெட்டலாம். உரமும் வேண்டாம். சேதாரக் கணக்கிலிருந்து கொஞ்சம் வரவு வைக்கும் வழி இது.

இரண்டாம் தரம்

மிளகாய், தக்காளி, கத்தரி, வெள்ளரி ஆகியவை நீரில் வளரும். வெளிநாடுகளில் பெரிய கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளியை இப்படித்தான் விளைவிக்கிறார்கள். ஆனால் இவற்றுக்குக் கீரையைப்போல் இரண்டு மடங்கு உப்புச் சத்து வேண்டும், கொம்பு கட்ட வேண்டும், காய்க்க இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து சரியாகப் போய்ச் சேராவிட்டால் தக்காளியின் நுனி கருகும்.

இங்கேதான் வேக் தீவுக் கணக்கு. அந்தத் தீவில் தக்காளிக்கு வேறு வழி கிடையாது. நமக்கோ பாவூர்சத்திரம் மார்க்கெட்டும் நயினார்குளம் மார்க்கெட்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தக்காளி பெட்டியில் சில நாள் தாங்கும். கூடை கூடையாக வந்து இறங்கும் சரக்கோடு மாடி வாளி போட்டி போட முடியாது. வீட்டுக்கு ஒரு மிளகாய்ச் செடி போதும். அதற்கு மேல் ஆசை வேண்டாம்.

வேண்டாத சரக்கு

சின்ன வெங்காயம், உருளை, சேனை, நிலக்கடலை போன்ற அடியில் விளைகிறவற்றை நினைக்கவே வேண்டாம். கறிவேப்பிலை மரமாகிற சாதி. அதற்கு மண் தொட்டி அல்லது கிணற்றடிதான் சரி. ஸ்ட்ராபெரி குளிர்ப் பிரதேசச் சரக்கு. லெட்டூஸ் வேண்டுமென்றால் கார்த்திகை முதல் தை வரை மட்டும், அதுவும் ஏதாவது ஓட்டல் வாங்கிக்கொள்வதாகச் சொன்ன பிறகு.

மோட்டார் இல்லாத வாளி

மின்வெட்டில் நான் இழந்ததை நீங்கள் இழக்க வேண்டியதில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்பவர் பரப்பிய முறைக்கு மோட்டாரே கிடையாது. மூடியுள்ள 20 லிட்டர் வாளி ஒன்று. வெளிச்சம் உள்ளே புகாததாக இருக்க வேண்டும். புகுந்தால் பாசி பிடிக்கும். மூடியில் ஆறு துளை. ஒவ்வொரு துளையிலும் அடியில் ஓட்டை உள்ள சிறு கிண்ணம். கிண்ணத்தில் தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். மூன்று நான்கு தண்ணீர் மாற்றி அலசிய பிறகே பயன்படுத்துங்கள். ரைஸ்மில் உமியைக் கரியாக்கி அலசியும் கலந்துகொள்ளலாம்.

கிண்ணத்தின் அடி நனையும் மட்டத்துக்குக் கரைசலை ஊற்றுங்கள். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேல் வேர்கள் காற்றில் நிற்கும், கீழ் வேர்கள் தண்ணீரில் நிற்கும். மட்டம் இறங்கிவிட்டதே என்று பழையபடி விளிம்புவரை ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. காற்றுக்குப் பழகிய வேர் மூச்சுத் திணறிச் செத்துவிடும். புதினா போல நீண்ட நாள் நிற்கும் செடிக்கு மறுமுறை பாதி வாளிதான் ஊற்ற வேண்டும்.

தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் இருப்பது 30 டிகிரியில் ஏழரையாகிவிடும். அந்தச் சூட்டில் வேரழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆகவே காலை வெயில் மட்டும் விழும் கிழக்குப் பக்கம் பாருங்கள். வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுங்கள். சாக்குக்கு நம்மிடம் என்ன பஞ்சம்! ஆனி, ஆடிக் காற்றுக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். அதற்காக வெளிச்சமே இல்லாத மூலையில் வைத்துவிடாதீர்கள். அம்மன் கோயில் கொடைக்கு இருட்டில் வளர்க்கும் முளைப்பாரி மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீரை பச்சையாக வேண்டுமானால் நாலைந்து மணி நேர வெயில் வேண்டும்.

உரமாக இரண்டு பாட்டில்களில் கரைசல் விற்கிறார்கள். இரண்டு எதற்கு என்று கேட்கலாம். சுண்ணாம்புச் சத்தையும் கந்தகச் சத்தையும் அடர்த்தியாக ஒன்றாய்க் கலந்தால் ஜிப்சமாகி அடியில் படிந்துவிடும், செடிக்குப் போகாது. ஆகவே ஒன்றை வாளித் தண்ணீரில் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். யூரியாவைக் கரைத்து ஊற்றிச் செலவை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். மண்ணில் யூரியாவை மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் வாளியில் போதிய அளவு இல்லை. வீட்டுக்குக் குடிநீர் இயந்திரம் பொருத்த வருகிறவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் நமக்கும் போதும். வெறும் தண்ணீர் காட்டும் அளவுக்கு மேல், கீரைக்கு 600 முதல் 900 வரை கூடினால் சரி. நேரம் கிடைத்தால் கார அமில அளவும் பாருங்கள். 5.5-க்கும் 6.5-க்கும் இடையே இருக்க வேண்டும். ஆற்றுக் குடிநீர் இதற்கு நல்லது. போர்த் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். மீட்டரில் முதலிலேயே ஆயிரத்தைத் தாண்டுகிற தண்ணீரில் இறங்க வேண்டாம்.

மளிகைக் கடைக்காரர் கவனத்துக்கு

மற்றவர்களைவிட நமக்குச் சில எச்சரிக்கைகள் அதிகம் தேவை.

உர உப்புகளில் பல வெள்ளைப் பரல்கள். பார்வைக்குச் சர்க்கரை, கல்லுப்பு போலவே இருக்கும். நைட்ரேட் உப்பை வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து, குழந்தைகளுக்கு மேலும் ஆபத்து. கடைக்குள் வைக்கவே கூடாது. காலி ஆர்லிக்ஸ் பாட்டிலிலும் பிஸ்கட் டின்னிலும் கொட்டி வைக்கக் கூடாது. பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள்.

விதைக்கடையில் வாங்கும் விதை சிவப்பாகவோ பச்சையாகவோ நிறம் ஏற்றியிருந்தால் பூஞ்சை மருந்து தடவியது என்று பொருள். மிஞ்சியதைச் சமையல் மல்லியோடு கலந்துவிடாதீர்கள்.

தண்ணீர் தேங்கும் இடம் எல்லாம் கொசுவுக்குத் தொட்டில். மூடியில் இடுக்கு இருந்தால் வலைத்துணி ஒட்டுங்கள். டெங்கு நம் வீட்டு வாளியிலிருந்து கிளம்பக் கூடாது.

முளைகட்டிய வெந்தயமும் பயறும் பச்சையாகத் தின்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தோடு வந்த ஈ-கோலை கிருமி கிட்டத்தட்ட 4,000 பேரைப் படுக்கவைத்தது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விதை எகிப்திலிருந்து போனது என்று விசாரணையில் தெரிந்தது. மூட்டை விதையில் எது ஒட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முளையின் ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்த இடம். முளையை வேகவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இப்படி வளர்த்த கீரையை யாருக்காவது கொடுத்தாலும் விற்றாலும் 'இயற்கை உரத்தில் விளைந்தது' என்று பலகை மாட்டாதீர்கள். பூச்சிமருந்து அடிக்காதது என்பது உண்மையானால் அதைச் சொல்லலாம். உரம் இரசாயன உப்புதான். அதை மறைத்து நாளைக்கு நம் நாணயத்தை இழக்க வேண்டாம்.

வரவு செலவு

இனி ஐந்தொகை போடுவோம். நான்கு வாளி, வாளிக்கு ஆறு துளை, மொத்தம் 24 கிண்ணம் என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் மல்லி. ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் முற்றும். பாதி வீணாகும். சரக்கு முறை வைத்து எடுப்பதுபோல் வாரம் நான்கு கிண்ணம் விதைத்தால், ஆறு வாரம் கழித்து வாரந்தோறும் நான்கு கிண்ணம் கைக்கு வரும். கிண்ணத்துக்கு ஒரு கைப்பிடி. ஆக வாரம் நான்கு கைப்பிடி.

ஒரு குடும்பத்தின் இரசத்துக்கும் சட்னிக்கும் இது காணும். கடைக்குக் காணாது. ஐம்பது பேர் கொசுறு கேட்கும் கடைக்கு ஒரு நாளைக்கே இது போதாது. இதை வைத்து இலட்சம் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் இந்தக் கிண்ணக் கணக்கைக் கேளுங்கள். மோட்டார் வைத்த சாதனமானால் இன்னொரு கணக்கும் உண்டு. 20 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் மாதம் 14 யூனிட்டுக்கு மேல் ஆகும்.

அப்படியானால் வணிகருக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, வேரோடு கிண்ணத்தில் நிற்கும் மல்லி தலை சாய்வதில்லை. கல்லா ஓரம் நிழலில் ஒரு தட்டில் தண்ணீர் விட்டு வைத்தால் நாலு நாள் பசுமையாகவே நிற்கும். மழையில் லாரி வராத அன்று, பத்து வருடமாக நம்மிடமே வாங்கும் நாலு பேருக்குக் கிள்ளிக் கொடுக்க அது உதவும். மண்டியில் வாங்கும் வேர்க்கட்டையும் அதே மாதிரி வேர் மட்டும் நனைய இரண்டு விரற்கடைத் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். செலவில்லாமலே கொஞ்சம் சேதாரம் குறையும்.

இரண்டாவது, நம் வீட்டுக்குள் நடப்பது. அந்தப் பழைய சாதனத்தின் குழாய்களைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். இப்போது மாடியில் மூடி வாளிகள் நான்கு. ஒன்றில் புதினா, ஒன்றில் பொன்னாங்கண்ணி, இரண்டில் மல்லியும் வெந்தயமும் மாறி மாறி. காலையில் கடை திறக்கப் புறப்படும் முன் பத்து நிமிடம் அங்கே நிற்பேன். போன ஐப்பசியில் மல்லி விலை ஏறிக் கிடந்த ஒரு நாள் வீட்டிலிருந்து போன் வந்தது. "சாயங்காலம் வரும்போது மல்லி கொண்டாரண்டாம். மாடியில இருக்கு" என்றாள்.

முதலில் ஒரே ஒரு வாளி வையுங்கள். மூட்டையிலிருந்து ஒரு கை வெந்தயம் எடுங்கள். இருபத்தைந்து நாளில் ஒரு கூட்டுக்குக் கீரை வந்தால் இரண்டாவது வாளி வாங்கலாம். அகலக்கால் வைக்காமல் கடையை வளர்த்த நமக்கு, செடி வளர்க்கும் வழியை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.